முதனிகளின் கூர்ப்பும் மனிதனின் இடமும்

உயிர்களை வரிசைப்படுத்தி, அவ்வரிசையில் மனிதனுக்குரிய இடத்தை வரையறுக்கும் முயற்சி பழைய நாகரிகங்கள் பலவற்றிலே காணப்படுவதாகும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்து, மக்களை ஆறறிவுயிராக வைத்தது. குரங்கு, முசு, ஊகம் ஆகிய மூன்றையும் வேறுபிரித்தறிந்து, அவற்றின் பெண்பாலுக்கு மந்தி என்னும் பெயரை உரிமையாக்கியதும் அம்மரபியலே. விலங்குகளுள் ஒரு சாரனவும் ஆறாமறிவு உடையன என்னும் கருத்துக்கு எழுந்த உரையிற் குரங்கும் எடுத்துக்காட்டப்படுதல் ஈண்டு நோக்கற்பாலது. கிரேக்க அறிஞர் அரித்தோத்திலும் குரங்கின் இயல்பு மனிதனுக்கும் நாற்கால் விலங்குகளுக்கும் இடைப்பட்டதெனக் கண்டார். எனவே, குரங்கு மனிதனை ஒத்தது என்பது பழையோர்க்கும் தெரிந்த உண்மையே. அவ்வொப்புமைக்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு விடைகாண மாத்திரம் நெடுங்காலம் சென்றது.

அவ்விடையை நாம் இன்று கூர்ப்புக் கொள்கை என்கிறோம். எனினும், அக்கொள்கை ஒரே நாளிற் பிறந்து ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளப்பட்டதன்று. எலும்புகள் கூறிய செய்தியை மனிதர் தம் விருப்பத்துக்கேற்பத் திரித்து வாசித்த காலங்கள் பல உள. அத்திரிபுகள் அறிவுலகிற்கு மட்டுமன்றி, மனித சமுதாயத்துக்கும் பெருந் தீங்கு விளைத்துள்ளன. முதனிகள் என்பன யாவை, அவை எவ்வாறு கூர்ப்படைந்தன, அவ்வரலாற்றை மனிதர் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பவற்றைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதனிகள் யாவை?

முலையூட்டிகள் என்னும் வகுப்பினுள் அடங்கும் வருணங்களுள் ஒன்று முதனிகள் வருணம். பிறைமேற்றுகள் எனவும் இது வழங்கும். தேவாங்கு, லெமூர், தாசியர், குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் ஆகிய யாவும் இவ்வருணத்தைச் சேர்ந்தனவே. இன்று உயிர்வாழும் முதனி இனங்கள் 500 இற்கும் மேற்பட்டன. கைக்குள் அடங்கும் சுண்டெலி லெமூர் தொடக்கம் கொரில்லா ஈறாக இவற்றின் உடற்பருமன் பெரிதும் வேறுபடும்.

பசுவைக் குளம்பு கொண்டும் யானையைத் துதிக்கை கொண்டும் இனங்காண்பது போன்று, தனியோர் உறுப்பைக் கொண்டு முதனியை இனங்காணல் அரிது. பல இயல்புகளின் தொகுதியே முதனியைக் காட்டுவதாகும். கையிலும் காலிலும் ஐந்து விரல்கள் உள்ளமை, அவற்றுட் பெருவிரல் ஏனைய விரல்களுக்கு எதிராக மடங்கிப் பற்றவல்லதாயிருத்தல், கூரிய உகிர்களுக்குப் பதிலாகத் தட்டையான நகங்கள் அமைந்தமை, விரல் நுனிகளில் ரேகைகளும் நுண்ணிய தொடுகையுணர்வும் இருத்தல், காறையெலும்பு நன்கு விருத்தியுற்றமையாற் கையை எப்பக்கமும் வீசத்தகுதல், இரு கண்களும் முகத்தின் முன்புறம் நோக்கி அமைந்து ஒரே காட்சியை ஒருங்கே கண்டு தூரத்தை மதிப்பிடத்தகுதல், மோப்பத்தினும் பார்வை மேலோங்கியமை, உடலளவுடன் ஒப்பிடும்போது மூளை பெரிதாயிருத்தல், ஓர் ஈற்றில் ஒரு குட்டியையே பெரும்பாலும் ஈன்று நெடுங்காலம் பேணல் என்பன அவ்வியல்புகளுட் சில. இவை யாவும் எல்லா முதனிகளிலும் ஒரே அளவில் அமைந்தில. மனிதனின் காற்பெருவிரல் பற்றும் ஆற்றலை இழந்துவிட்டது. தேவாங்கின் கால் விரல்களுள் ஒன்றில் இன்றும் உகிர் உண்டு.

இவ்வருணம் இரு பெரும் பிரிவுகளாக வகுக்கப்படும். ஈரமூக்குடைய முதனிகள் ஒரு பிரிவு. மடகாசுகரின் லெமூர்களும், ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழும் தேவாங்கு முதலியனவும் இதில் அடங்கும். உலர்மூக்குடையன மற்றைய பிரிவு. தாசியர், புதிய உலகக் குரங்குகள், பழைய உலகக் குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், மனிதன் ஆகியோர் இதிலடங்குவர். வாலில்லாக் குரங்குகளுட் கிபன், ஒராங்குட்டான் ஆகியன ஆசியாவுக்குரியன. கொரில்லா, சிம்பன்சி, பொனபோ என்பன ஆபிரிக்காவுக்குரியன.

வகைப்பாட்டின் வரலாறு

கி. பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த வைத்தியர் காலன், மனித உடலை வெட்டி ஆராய்தற்கு வாய்ப்பின்றிக் குரங்குகளையும் பிற விலங்குகளையும் ஆராய்ந்து, தாம் கண்டவற்றை மனித உடலுக்கும் ஏற்றி எழுதினார். ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக ஐரோப்பிய வைத்தியம் அந்நூல்களையே பின்பற்றிற்று. 1543ஆம் ஆண்டில் வெசாலியசு தம் உடலமைப்பு நூலை வெளியிட்டபோதுதான், காலன் மனிதனுடையனவாகக் கூறிய உறுப்புக்கள் சில உண்மையில் விலங்குகளுடையன என்பது தெளிவாயிற்று. அக்காலத்தோர் இதனைக் காலனின் குறைபாடாக மட்டுமே கண்டனர். குரங்கின் உடலைக் கொண்டு மனித உடலை அத்தனை நூற்றாண்டுகள் விளக்க முடிந்தமைக்குக் காரணம் யாது என எவரும் வினவினாரல்லர்.

அவ்வினாவுக்கு அண்மையில் வந்தவர் இலண்டன் வைத்தியர் எட்வேட் தைசன். இளஞ் சிம்பன்சி ஒன்றின் உடலை ஆராய்ந்து 1699ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், மனிதனை ஒத்த இயல்புகள் 48 எனவும், குரங்கை ஒத்த இயல்புகள் 34 எனவும் பட்டியலிட்டார். அவருடைய பட்டியலில் மனிதனின் பக்கமே மேலோங்கி நின்றமை குறிப்பிடத்தக்கது.

சுவீடிய இயற்கையியலாளர் லினேயசு 1735ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மனிதனையும் குரங்குகளையும் ஒரே வருணத்தில் வைத்தார். இதனாற் கண்டனம் எழுந்தது. 1747ஆம் ஆண்டில் க்மெலின் என்னும் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், மனிதனையும் வாலில்லாக் குரங்கையும் சாதியளவிற் பிரித்துக்காட்டும் இயல்பு ஒன்றையேனும் தமக்குக் காட்டுமாறு லினேயசு கேட்டார். 1758ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலின் பத்தாம் பதிப்பில் அவ்வருணத்துக்கு ‘முதன்மையானவை’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். மனிதன், குரங்கு, லெமூர் ஆகியவற்றுடன் வௌவாலையும் அவர் அவ்வருணத்திற் சேர்த்திருந்தார். வௌவால் பின்னர் நீக்கப்பட்டது; ஏனைய அமைப்பு நிலைத்தது. லினேயசு கூர்ப்பை நம்பியவர் அல்லர். உயிரினங்கள் படைக்கப்பட்டவாறே உள்ளன என்பதே அவர் கொள்கை. அவ்வாறிருந்தும் கண்முன் உள்ள ஒப்புமையை மறைக்க அவர் உடன்படவில்லை.

அவருக்குப் பின் வந்தோர் உடன்பட்டனர். செருமானிய அறிஞர் புளூமன்பாக்கும் பிரான்சிய அறிஞர் குவியேயும் மனிதனை ‘இருகையர்’ என்னும் தனி வருணத்திலும், குரங்குகளை ‘நாற்கையர்’ என்னும் வேறு வருணத்திலும் பிரித்து வைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இப்பிரிவே பெரிதும் வழங்கிற்று. இங்கிலாந்தின் இரிச்சட் ஓவன் 1857ஆம் ஆண்டில் இதனையும் கடந்து, மனித மூளையிலுள்ள சில பகுதிகள் வேறெந்த விலங்குக்கும் இல்லையெனக் கூறி மனிதனை வேறோர் உபவகுப்பிலே வைத்தார். தோமசு ஹக்ஸ்லி அப்பகுதிகள் வாலில்லாக் குரங்குகளுக்கும் உண்டென மூளைகளை ஆராய்ந்து நிறுவினார். 1863ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல், மனிதனுக்கும் கொரில்லாவுக்கும் உள்ள வேறுபாடு கொரில்லாவுக்கும் தாழ்ந்த குரங்குகளுக்கும் உள்ள வேறுபாட்டினும் குறைந்தது என்பதை எலும்பு எலும்பாக எடுத்துக் காட்டிற்று. நாற்கையர் என்ற பெயரும் பொருந்தாது எனவும், கொரில்லாவின் பின்னங்கால் உண்மையில் பற்றும் விரலுள்ள காலே எனவும் அவர் விளக்கினார். 1871ஆம் ஆண்டில் டாவின் மனிதனின் வழித்தோன்றல் பற்றிய நூலை வெளியிட்டு, மனித முன்னோர் ஆபிரிக்காவில் வாழ்ந்திருத்தல் கூடும் என எதிர்வுகூறினார். கொரில்லாவும் சிம்பன்சியும் அங்கு வாழ்தலே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது.

உயிர்ச்சுவடுகள் கூறும் வரலாறு

இற்றைக்கு ஏறத்தாழ 66 மில்லியன் ஆண்டுகளின் முன் தைனோசோர்கள் அழிந்தன. அதனையடுத்த காலப் பாறைகளில், வட அமெரிக்காவின் மொன்ரானாப் பகுதியில், பேர்கற்றோரியசு எனப் பெயரிடப்பட்ட சிறு விலங்கின் பற்கள் கிடைத்துள்ளன. அப்பற்கள் முதனிகளின் பற்களை ஒத்தவை. கணுக்காலெலும்புகள் அது மரமேறியதைக் காட்டுகின்றன. அதனை முதனி என்றே கொள்வதா, முதனிகளின் நெருங்கிய உறவு என்று கொள்வதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயத்துக்கிடமற்ற முதனிகள் இயோசீன் காலத் தொடக்கத்திலே, ஏறத்தாழ 55 மில்லியன் ஆண்டுகளின் முன் தோன்றுகின்றன. புவி மிக வெப்பமாயிருந்த அக்காலத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் அடர்ந்த காடுகள் பரந்திருந்தன. சீனாவிற் கிடைத்து 2013ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட ஆக்கிசீபசு என்னும் சிற்றுயிரியின் எலும்புக்கூடு அக்காலத்தது.

முதனிகளின் பற்றும் கையும் முன்னோக்கும் கண்ணும் எதனால் விருத்தியுற்றன? மரவாழ்க்கையே காரணம் என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலியட் சிமிது, வூட் யோன்சு ஆகிய உடலமைப்பியலார் விளக்கினர். கிளைவிட்டுக் கிளை தாவுதற்குத் தூரமதிப்பீடும் பற்றும் கையும் தேவை என்பது அவர் வாதம். 1970களில் மற் காட்மில் இதனை மறுத்தார். அணிலும் மரத்தில் வாழ்வதே. அதன் கண்கள் பக்கவாட்டில் உள்ளன. அது உகிரைக் கொண்டே ஏறுகின்றது. முன்னோக்கும் கண்கள் ஆந்தை, பூனை முதலிய வேட்டையாடும் உயிர்களுக்கே சிறப்பாக உரியன. ஆகவே, மெல்லிய கிளைகளிலே பூச்சிகளைக் கண்ணாற் குறித்துக் கையாற் பற்றும் வாழ்க்கையே முதனிகளை உருவாக்கிற்று என்பது அவர் கொள்கை. பூக்குந் தாவரங்கள் பெருகி, நுனிக்கிளைகளிற் கனியும் தேனும் கிடைத்தமையே முக்கிய காரணம் என இரொபேட் சுசுமன் பின்னர் வாதித்தார். இவ்விவாதம் முற்றுப்பெறவில்லை. எனினும், இரவில் மெல்லிய கொடிகளினூடே ஓசையின்றி ஊர்ந்து, இருபெருங் கண்களாற் பூச்சியைக் குறித்து இரு கைகளாலும் பற்றும் நம் நாட்டுத் தேவாங்கை நோக்குவோர்க்குக் காட்மிலின் கொள்கை எளிதில் விளங்கும்.

இயோசீன் முடிவிற் புவி குளிர்ந்தது. வடபுலக் காடுகள் சுருங்கின. அங்கிருந்த முதனிகள் பெரும்பாலும் அழிந்தன. இவ்வேளையில் ஆபிரிக்காவில் நிகழ்ந்தவற்றை எகிப்திலுள்ள பயூம் பள்ளம் காட்டுகின்றது. இன்று பாலையாகக் கிடக்கும் அவ்விடம் ஒலிகோசீன் காலத்தில் ஆறுகள் பாய்ந்த வெப்பமண்டலக் காடாயிருந்தது. எல்வின் சைமன்சு 1960கள் தொடக்கம் அங்கு நடத்திய அகழ்வுகளில், ஏறத்தாழ 30 மில்லியன் ஆண்டுப் பழமையான எகிப்தோபிதேக்கசின் மண்டையோடு முதலியன கிடைத்தன. பழைய உலகக் குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் பிரியுமுன் இருந்த பொது முன்னோரின் தன்மை அதிற் புலப்படுகின்றது. தென் அமெரிக்காவிலும் 30 மில்லியன் ஆண்டுகளுக்கு மேற்பட்ட குரங்குப் பற்கள் கிடைத்துள்ளன. அக்கண்டம் அதற்கு நெடுங்காலம் முன்பே ஆபிரிக்காவினின்று பிரிந்துவிட்டமையால், வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட மரத்திரள்கள் மீது சில குரங்குகள் கடலைக் கடந்திருத்தல் வேண்டும் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

அடுத்து வந்த மயோசீன் காலம் வாலில்லாக் குரங்குகளின் பொற்காலம் எனலாம். விக்டோரியா ஏரியிலுள்ள உருசிங்காத் தீவில் 1948ஆம் ஆண்டில் மேரி லீக்கி கண்டெடுத்த புறோகொன்சலின் மண்டையோடு ஏறத்தாழ 18 மில்லியன் ஆண்டுப் பழமையுடையது. அவ்வுயிரிக்கு வாலில்லை, எனினும் கைகால்கள் நாற்காலில் நடக்கும் குரங்கினுடையவற்றை ஒத்தன. ஓர் உடலின் எல்லா உறுப்புக்களும் ஒருங்கே மாறுவதில்லை என்னும் உண்மைக்கு இது தக்க சான்று. பின்னர் ஆபிரிக்காவும் ஆசியாவும் நிலத்தால் இணைந்தபோது வாலில்லாக் குரங்குகள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவின. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளிற் சிவாபிதேக்கசு வாழ்ந்தது. மனித வழித்தோன்றல் பற்றிய மிக நீண்ட விவாதங்களுள் ஒன்று இக்குன்றுகளிலேதான் எழுந்தது.

இராமாபிதேக்கசின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1932ஆம் ஆண்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவரான எட்வேட் லூயிசு, இன்றைய இமாசலப் பிரதேசத்திலுள்ள அரித்தல்யாங்கர் என்னுமிடத்தில் மேற்றாடைத் துண்டொன்றைக் கண்டெடுத்தார். 1934ஆம் ஆண்டில் அதற்கு இராமாபிதேக்கசு எனப் பெயரிட்டு, அது மனிதனை ஒத்த இயல்புகளையுடையது என எழுதினார். அக்கருத்து அன்று எடுபடவில்லை. 1961ஆம் ஆண்டில் எல்வின் சைமன்சு அதனைப் புதுப்பித்தார். பின்னர் அவரும் டேவிட் பில்பீமும் இராமாபிதேக்கசே மனித மரபின் முதற்படி என வாதித்தனர். சிறிய கோரைப்பல், தடித்த மிளிரிப்படை, மனிதனது போன்று வளைந்த பல்வரிசை என்பன அவர் காட்டிய சான்றுகள். இதன்படி மனித மரபு 14 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே ஏனையவற்றினின்று பிரிந்துவிட்டது. 1960களிலும் 1970களிலும் வெளிவந்த பாடநூல்கள் பலவற்றில் இதுவே உண்மையாக எழுதப்பட்டது.

இதனை எதிர்த்த சான்று ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் மொறிசு குட்மன் குருதிப் புரதங்களை ஒப்பிட்டு, சிம்பன்சியும் கொரில்லாவும் ஒராங்குட்டானைவிட மனிதனுக்கே நெருங்கியவை எனக் கண்டார். 1967ஆம் ஆண்டிற் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் வின்சென்ற் சரிச்சும் அலன் வில்சனும் அல்புமின் என்னும் புரதத்தின் வேறுபாடுகளைக் கணித்து, மனிதனும் ஆபிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து ஏறத்தாழ 5 மில்லியன் ஆண்டுகளே ஆகின்றன என அறிவித்தனர். அவ்வாறாயின் 14 மில்லியன் ஆண்டுப் பழமையான எதுவும் மனித மரபுக்குத் தனியுரிமையானதாய் இருத்தல் இயலாது. உயிர்ச்சுவட்டியலார் பலர் இதனை ஏற்க மறுத்தனர். எலும்பைத் தொட்டறியாதவர் எலும்பின் வயதைக் கூறுவதா என்பதே அவர்தம் மனநிலை.

ஈற்றில் எலும்புகளே வழக்கைத் தீர்த்துவைத்தன. பழைய தாடைத் துண்டில் முகத்தின் நடுக்கோடு இல்லாமையால், பல்வரிசையின் வளைவு ஊகத்தால் வரையப்பட்டதே. 1970களிற் பாகித்தானின் பொத்வார்ப் பீடபூமியில் பில்பீமின் குழுவினர் கண்டெடுத்த முழுமையான கீழ்த்தாடை மனித வளைவைக் காட்டவில்லை. அங்கேயே கிடைத்த சிவாபிதேக்கசின் முகவெலும்பை 1982ஆம் ஆண்டிற் பில்பீம் விவரித்தபோது, கண்குழியின் வடிவமும் முகத்தின் அமைப்பும் ஒராங்குட்டானையே ஒத்திருத்தல் வெளிப்பட்டது. இராமாபிதேக்கசு என்பது சிவாபிதேக்கசின் ஒரு வடிவமே எனவும், அது மனிதனுக்கன்றி ஒராங்குட்டானுக்கே உறவு எனவும் முடிவாயிற்று. முன்னர் எதிர்க்கருத்தை வலியுறுத்திய பில்பீமே புதிய முடிவுக்கு வழிகாட்டியமை அறிவுலகிற்கு அழகு சேர்ப்பது.

இதனுடன் ஒப்பிடத்தக்கது பில்ற்டவுன் நிகழ்ச்சி. 1912ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட எலும்புகள் மனித மண்டையோடும் குரங்குத் தாடையும் கொண்ட ஓர் உயிரியைக் காட்டின. மூளையே முதலில் வளர்ந்திருத்தல் வேண்டும் என எதிர்பார்த்திருந்தோர்க்கு அது மிகப் பிடித்தமாயிற்று. ஆகவே, 1924ஆம் ஆண்டிற் தென்னாபிரிக்காவின் தாங் என்னுமிடத்திற் கிடைத்த குழந்தை மண்டையோட்டை, நிமிர்ந்து நடந்த சிறுமூளை உயிரி என இறேமன்ட் டாற் 1925ஆம் ஆண்டில் விவரித்தபோது, பிரித்தானிய அறிஞர் அதனைப் புறக்கணித்தனர். இறொபேட் புறூம் 1936ஆம் ஆண்டு தொடக்கம் தென்னாபிரிக்கக் குகைகளிற் கண்டெடுத்தவை டாற்றின் கருத்துக்கு வலிமை தந்தன. 1947ஆம் ஆண்டில் ஆதர் கீத் தாம் பிழைபட்டதை ஏற்றுக்கொண்டார். 1953ஆம் ஆண்டில் பில்ற்டவுன் எலும்புகள் ஆராயப்பட்டு, மனித மண்டையோட்டுடன் ஒராங்குட்டானின் தாடையைச் சேர்த்துச் சாயமிட்டு அராவிய மோசடி என்பது நிறுவப்பட்டது. நாற்பதாண்டுகள் அம்மோசடி நிலைத்தமைக்கு அதனைச் செய்தவரின் திறமையினும் கண்டோரின் எதிர்பார்ப்பே பெருங் காரணம் எனலாம்.

பின்னர் வந்த சான்றுகள் ஐயத்துக்கு இடமின்றி டாற்றின் பக்கமே நின்றன. 1974ஆம் ஆண்டில் எதியோப்பியாவிற் கிடைத்த ‘லூசி’ 3.2 மில்லியன் ஆண்டுப் பழமையுடையவள். மூளை சிறிது, இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தோருடையன. 1978ஆம் ஆண்டில் தன்சானியாவின் லெயிற்றோலியில், எரிமலைச் சாம்பலிற் பதிந்த 3.6 மில்லியன் ஆண்டுப் பழமையான காலடித்தடங்கள் வெளிப்பட்டன. 2001ஆம் ஆண்டிற் சாட் நாட்டிற் கிடைத்த சகலாந்திரோபசு ஏறத்தாழ 7 மில்லியன் ஆண்டுப் பழமையுடையது. 2005ஆம் ஆண்டிற் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டபோது, மனிதனதனுடன் நேருக்கு நேர் ஒப்பிடத்தக்க பகுதிகளில் எழுத்துக்கெழுத்து வேறுபாடு நூற்றுக்கு 1.2 அளவினதே எனத் தெரியவந்தது. காலன் காலத்து வினாவுக்கு இதுவே விடை.

ஏணியும் மரமும்

கூர்ப்பைப் பற்றிய தவறான எண்ணங்களுள் மிகப் பரந்ததும் மிகக் கொடியதும், அதனை ஓர் ஏணியாகக் காண்பதாகும். லெமூர் அடியிலும், குரங்கு அதன்மேலும், சிம்பன்சி அதற்கும் மேலும், மனிதன் உச்சியிலும் நிற்பதாகப் படம் வரைதல் வழக்கம். குரங்கிலிருந்து மனிதன் வந்தானாயின் இன்றும் குரங்குகள் ஏன் குரங்குகளாகவே உள்ளன எனக் கேட்போரும் இவ்வேணியையே மனத்திற் கொண்டுள்ளனர். உண்மையிற் கூர்ப்பு கிளைவிடும் மரத்தை ஒத்தது. சிம்பன்சி மனிதனின் பாட்டன் அன்று. ஒரு பாட்டன் வழிவந்த மற்றொரு கிளை. பிரிந்த நாள்தொட்டு மனிதன் எத்தனை ஆண்டுகள் மாறிவந்துள்ளானோ, அத்தனை ஆண்டுகள் சிம்பன்சியும் தன் வழியில் மாறிவந்துள்ளது.

ஏணியில் இடைப்படிகள் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பேரரசுகள் தாம் அடிமைப்படுத்திய மக்களை அவ்விடைப்படிகளில் நிறுத்தின. 1906ஆம் ஆண்டில், கொங்கோவைச் சேர்ந்த ஓத்தா பெங்கா என்னும் இளைஞர் நியூயோர்க்கிலுள்ள பிரொங்சு விலங்குக்காட்சிச்சாலையின் குரங்குக் கூடத்தில், ஒராங்குட்டான் ஒன்றுடன் மக்கட் காட்சிக்கு வைக்கப்பட்டார். கறுப்பின மதகுருமார் கண்டித்தெழுந்த பின்னரே அக்காட்சி நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகளின் பின் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நம் நாடும் இப்பார்வைக்குத் தப்பவில்லை. 1880களில் இலங்கைக்கு வந்த சுவிற்சலாந்து ஆய்வாளரான சரசின் உறவினர் இருவர் வேடரின் மண்டையோடுகளைச் சேகரித்து அளந்து, அவர்களை மனித குலத்தின் மிகத் தொன்மையான படிகளுள் ஒன்றென விளக்கினர். தாம் அளந்தவை இரத்தமும் மொழியும் உறவும் உடைய சம காலத்து மக்களின் எச்சங்கள் என்பதை அவ்வேணி அவர்கட்கு மறைத்துவிட்டது.

இன்றைய மரபணுவியல் இக்கருத்துக்கு இடந்தரவில்லை. உலகெங்கும் பரந்துள்ள மனிதரனைவரிடையேயும் காணப்படும் மரபணு வேறுபாட்டினும், மத்திய ஆபிரிக்கக் காடுகளில் வாழும் சிம்பன்சிகளிடையே காணப்படும் வேறுபாடு பெரிது. மனிதர் அனைவரும் அண்மைக் காலத்தில் ஒரு சிறு தொகுதியினின்று பரவியோர் என்பதே இதன் பொருள். எந்த இனத்தவரும் மற்றையோரினும் குரங்குக்கு அண்மையர் அல்லர்; எந்த மொழியினரும் மற்றையோரினும் சேய்மையரும் அல்லர்.

இலங்கையின் முதனிகள்

இச்சிறு தீவில் மனிதன் நீங்கலாக ஐந்து முதனி இனங்கள் வாழ்கின்றன. தேவாங்குகள் இரண்டு, அவற்றுட் செந்நிறத் தேவாங்கு இலங்கைக்கே உரியது, சாம்பல்நிறத் தேவாங்கு தென்னிந்தியாவிலும் உண்டு. தலைமயிர் வட்டமாய் அமைந்த செங்குரங்கும், ஊதாமுக மந்தியும் இலங்கைக்கே உரியன. உலர் வலயத்திற் கோயிற் சூழல்களிலும் காணப்படும் சாம்பல்நிற மந்தி இங்கும் தென்னிந்தியாவிலும் வாழ்வது.

முதனியியலின் வளர்ச்சியில் இத்தீவுக்குப் பங்குண்டு. 1930களிற் கொழும்பு வைத்தியக் கல்லூரியில் உடலமைப்பியற் பேராசிரியராயிருந்த ஒசுமன் ஹில் இங்குள்ள தேவாங்கு முதலியவற்றை ஆராய்ந்தார். 1953ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அவருடைய பெருந்தொகுதிகள் முதனிகளின் உடலமைப்புப் பற்றிய அடிப்படை நூல்களாகும். 1968ஆம் ஆண்டில் வொல்வ்காங் டிற்றசு பொலனறுவையிற் செங்குரங்குகள் பற்றித் தொடங்கிய ஆய்வு உலகின் மிக நீண்ட முதனி ஆய்வுகளுள் ஒன்று. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்குதல், ஆண்கள் பருவமெய்தியதும் வேறு கூட்டம் நாடிச் செல்லல், தகுதி தாழ்ந்தோர் உணவுப் பஞ்சத்தில் முதலில் மடிதல் என்பன அவ்வாய்விற் புலனாயின.

மனிதனும் ஏனைய முதனிகளும் இங்கு நெடுங்காலம் அண்டை வாழ்ந்துள்ளனர். களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன் குகையிற் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவுகள், ஏறத்தாழ 45,000 ஆண்டுகளின் முன்பே மக்கள் மழைக்காட்டிற் குரங்குகளையும் மர அணில்களையும் தேர்ந்து வேட்டையாடி வாழ்ந்தமையைக் காட்டின. குரங்கெலும்பிற் செய்த கருவிகளும் அங்கு கிடைத்தன. அவ்வாறு வேட்டையாடியும் அவ்வினங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாது நிலைத்தன. காடு நிலைத்தமையே அதற்குக் காரணம். இன்று வேட்டையின்றியே அவை அருகுகின்றன. தென்மேற்கு ஈரவலயக் காடுகள் தோட்டங்களாகவும் குடியிருப்புக்களாகவும் துண்டாடப்பட்டமையால், மேல் மாகாணத்து ஊதாமுக மந்தி கிளைவிட்டுக் கிளை செல்ல வழியின்றி மின்கம்பிகளிலும் கூரைகளிலும் திரிகின்றது. உலகின் முதனி இனங்களிற் பாதிக்கு மேற்பட்டன அழிவை எதிர்நோக்கியுள்ளன என்பது 2017ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு.

முடிவுரை

முதனிகளின் வரலாறு எலும்புகளின் வரலாறாக மாத்திரம் அமையாது, அவ்வெலும்புகளை வாசித்த மனங்களின் வரலாறாகவும் அமைவது. லினேயசு தம் நம்பிக்கைக்கு மாறான ஒப்புமையையும் மறைக்காது எழுதினார். பில்ற்டவுனில் அறிஞர் தாம் விரும்பியதையே கண்டனர். பில்பீம் தம் கொள்கைக்கு எதிரான முகவெலும்பைத் தாமே உலகறியச் செய்தார். இம்மூன்றும் பல்கலைக்கழகத்திற் கற்போரும் கற்பிப்போரும் மனங்கொள்ளத்தக்கன.

முதனிகள் என்ற பெயரை லினேயசு முதன்மை என்னும் பொருளிலே வைத்தார். அம்முதன்மை பிறரைத் தாழ்த்துதற்குரிய பட்டம் என மனிதன் கொண்டதால் விளைந்த தீங்குகளை மேலே கண்டோம். உயிர்மரத்தில் நாம் ஒரு கிளை. நம்மருகே வேறு பல கிளைகள் உள. தன் உறவை அறிந்துகொள்ளவும், அவ்வறிவின் வழியே பிற கிளைகளைக் காக்கவும் வல்லது இம்மரத்தில் மனிதக் கிளை ஒன்றே. ஆறாமறிவு என முன்னோர் கூறியதற்கு இதனினும் தக்க பயன் வேறில்லை.